ஓசையின் ஊற்றுக்கண் எங்கே?

மதுரை கோரிப்பாளையம் சந்திப்பில் சிவப்பு விளக்குக்காகக் காத்திருக்கும் கார்களின் பக்கம் சற்றே காதுகொடுத்துப் பாருங்கள். ஒரு காரின் அடியிலிருந்து தகரத்தைத் தட்டுவதுபோல் ஓர் ஓசை வரும். இன்னொன்றின் முன்புறம் 'தடதட'வென்று நடுங்கும். மற்றொன்றில் டேஷ்போர்டுக்குள் யாரோ சில்லறையைப் போட்டுக் குலுக்குவதுபோல் இருக்கும். பச்சை விளக்கு எரிந்து வாகனம் நகர்ந்ததும் அந்த ஓசை மறைந்துவிடும், ஓட்டுபவரும் மறந்துவிடுவார். அடுத்த சந்திப்பில் நின்றதும் அது மீண்டும் தொடங்கும்.

ஓடும்போது இல்லாத சத்தம், நிற்கும்போது மட்டும் ஏன் வருகிறது? பொருளாதாரம் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்குள் சிறிது இயற்பியலும், கணிசமான பொருளாதாரமும், நடுத்தரக் குடும்பத்தின் பணமும் அடங்கியிருக்கின்றன. ஓசையை அலட்சியம் செய்தால் சிறிய பழுது பெரிதாகலாம். பதறிப்போய்ப் பட்டறைக்கு ஓடினாலோ, பழுதில்லாத பாகங்களை மாற்றிவிட்டு அதே ஓசையுடன் வீடு திரும்ப நேரலாம். இரண்டாவது வகை இழப்பைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

முதலில் இயற்பியல். வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் இயங்கும் நிலையை 'ஐடிலிங்' என்கிறோம். அப்போது இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 முறை சுழலும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை எரிபொருள் எரிகிறது. எனவே மூன்று சிலிண்டர் இன்ஜினில் நிமிடத்துக்கு 1,200 எரிப்புகள், அதாவது விநாடிக்கு 20. நான்கு சிலிண்டர் இன்ஜினில் விநாடிக்கு ஏறத்தாழ 27. ஒவ்வோர் எரிப்பும் ஒரு சிறு உதை. வேகமாகச் சுழலும்போது உதைகள் நெருங்கி வந்து ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. மெதுவாகச் சுழலும்போது ஒவ்வோர் உதையும் தனித்தனியாக வண்டியின் உடலைத் தொடுகிறது.

மீனாட்சியம்மன் கோயிலின் இசைத்தூண்களைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு அடுத்த செய்தியைப் புரியவைப்பது எளிது. ஒரே கல்லில் செதுக்கிய மெல்லிய தண்டுகள், தட்டினால் வெவ்வேறு சுரம் தருகின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் நிறை, விறைப்பு ஆகியவற்றைப் பொருத்து இயல்பாக அதிரும் வேகம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் உதை அந்த வேகத்தோடு ஒத்துப்போனால் அதிர்வு பன்மடங்காகப் பெருகும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சிறுவன்கூட உயரே அனுப்பிவிடலாம் என்பதும் இதே கணக்குத்தான்.

இதனால்தான் இன்ஜினை வண்டியின் உடலோடு நேரடியாகப் பிணைப்பதில்லை. இடையே ரப்பர் தாங்கிகள் இருக்கின்றன. பட்டறை வழக்கில் இவற்றை 'மவுண்டிங்' என்பார்கள். ரப்பரின் மீது அமர்ந்திருக்கும் இன்ஜினின் இயல்பு அதிர்வு, ஐடிலிங் உதைகளின் வேகத்தைவிடக் கீழே இருக்குமாறு வடிவமைக்கிறார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல, இன்ஜின் சூட்டிலும் நம் ஊர் வெயிலிலும் ரப்பர் இறுகுகிறது. இறுக இறுக அதன் இயல்பு அதிர்வு மேலேறி, ஐடிலிங் வேகத்தை நெருங்குகிறது. அல்லது ரப்பர் கிழிந்து தொய்ந்து, இரும்போடு இரும்பு முட்டத் தொடங்குகிறது. புதிதாக வாங்கியபோது அமைதியாக நின்ற கார், பத்தாம் ஆண்டில் நின்ற இடத்தில் நடுங்குவதற்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று. ஆனால், பட்டறைகள் பலவற்றில் இது ஒன்றே காரணமாகச் சொல்லப்படுகிறது என்பதில்தான் சிக்கல்.

மூன்று சிலிண்டர் இன்ஜின்கள் பெருகியதற்கும் இந்த நடுக்கத்துக்கும் தொடர்பு உண்டு. மூன்று பிஸ்டன்களும் மேலும் கீழுமாகச் செல்லும் விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆனால் இன்ஜினின் ஒரு முனை எழ, மறு முனை தாழ, தராசுத்தட்டுபோல் ஆடும் ஓர் ஆட்டம் எஞ்சிவிடும். 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800 காரின் 796 சிசி இன்ஜினே மூன்று சிலிண்டர்தான். இந்தியச் சாலைகளில் சிறிய கார்கள் ஆதிக்கம் செலுத்துவதற்கு வரிக்கொள்கையும் ஒரு காரணம். 2006-07 நிதிநிலை அறிக்கையில், 4 மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் இன்ஜினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அந்த நான்கு மீட்டர் கோடு ஜிஎஸ்டி காலத்திலும் நீடிக்கிறது. 2025 செப்டம்பரில் இந்தப் பிரிவுக்கு வரி 18 சதவீதமாக இறங்கியதும் நினைவிருக்கலாம். குட்டையான பானட்டுக்குள் இடம் மிச்சப்படுத்தவும், உராய்வையும் உதிரிபாகச் செலவையும் குறைக்கவும் மூன்று சிலிண்டர் வசதியானது. எனவே, புதிய சிறிய கார் ஐடிலிங்கில் மெலிதாக அதிர்வது பழுதல்ல, பிறவிக்குணம். வாங்கும் நாளிலேயே அது எவ்வளவு அதிர்கிறது என்று உணர்ந்து வைத்துக்கொள்பவருக்கு, பின்னாளில் எது புதிது என்று தெரியும்.

இனி ஓசையைத் தேடும் வழி. ஓசை எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்கு முன்னால், எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று தேட வேண்டும். உலோகக் கூட்டுக்குள் ஒலி எங்கும் பரவும். முன்சக்கரத்தின் அருகே பிறந்த சத்தம் கியருக்கு அடியில் கேட்பதுபோல் தோன்றும். இடத்தைப் பற்றிக் காது ஏமாற்றும். நேரத்தைப் பற்றி ஏமாற்றாது.

திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்துத் தொடங்கலாம். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்கவே கூடாது; புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பானட்டைத் திறந்து குனிபவர் வேட்டி நுனியையும் தோள் துண்டையும் முடிந்துகொள்வது நல்லது. பெல்ட்டுக்கு மரியாதை தெரியாது.

முதலில் கிளட்ச். ஐடிலிங்கில் கேட்கும் சத்தம் கிளட்சை மிதித்ததும் நின்றுவிட்டால், கியர்ப்பெட்டிக்குள் சுழன்றுகொண்டிருக்கும் பற்சக்கரங்களையோ அதன் உள்தண்டின் பேரிங்கையோ சந்தேகிக்கலாம். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் சந்தேகம் கிளட்சின் ரிலீஸ் பேரிங் பக்கம் திரும்பும். மிதித்தாலும் விட்டாலும் மாறவில்லை என்றால் இரண்டையும் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். ஒரு கால் அசைவில், பல ஆயிரம் ரூபாய் கிளட்ச் வேலை தேவையா இல்லையா என்பதற்கு முதல் சாட்சியம் கிடைத்துவிடுகிறது.

அடுத்தது ஏசி. அதைப் போட்டதும் சத்தம் தொடங்கினால் கம்ப்ரஸர்தான் குற்றவாளி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஏசி போட்டதும் மூன்று செயல்கள் நடக்கின்றன. கம்ப்ரஸர் சுழல்கிறது, ரேடியேட்டரின் மின்விசிறி ஓடத் தொடங்குகிறது, சுமை கூடியதால் இன்ஜினின் ஒவ்வோர் உதையும் வலுவாகிறது. எனவே, இறக்கை உடைந்த விசிறியும், தளர்ந்த விசிறிக்கூண்டும், இறுகிப்போன மவுண்டிங்கும்கூட ஏசியின் பெயரில் சத்தம் போடும். கம்ப்ரஸர் தன்னிச்சையாக இடையிடையே நின்று நின்று ஓடும் வண்டிகளில், அது நிற்கும் கணத்தில் சத்தமும் நிற்கிறதா, விசிறி நிற்கும்போது நிற்கிறதா என்று கவனித்தால் பிரித்தறியலாம்.

பிறகு ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தி 1,200 சுழற்சி வரை ஏற்றிப் பார்க்க வேண்டும். நடுக்கம் அடியோடு மறைந்தால் மவுண்டிங்கின் மீது சந்தேகம் வலுக்கும். சுழற்சியோடு சேர்ந்து சத்தமும் வேகமெடுத்தால் சுழலும் பாகம் எதையேனும் பார்க்க வேண்டும். ஐடிலிங் வேகமே நிலையில்லாமல் ஏறி இறங்கினால் பிரச்னை தாங்கிகளில் இல்லை. ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இருக்கலாம், ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ த்ராட்டில் பகுதியில் படிந்த கரியோ காரணமாகலாம். குலுங்கும் இன்ஜினுக்குப் புது ரப்பர் போடுவது, காய்ச்சல்காரருக்குப் புது மெத்தை வாங்கித் தருவது போன்றது.

இவ்வளவும் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடியே செய்யக்கூடியவை. அதற்கு மேல் தேவைப்படுவது இன்னொரு மனிதர். ஒருவர் உள்ளே இருக்க, மற்றவர் வெளியே சுற்றிவந்து நம்பர் பிளேட், பானட் தாங்கி, பேட்டரியை இறுக்கும் பட்டை, காற்று வடிகட்டிப் பெட்டி, கதவு இவற்றைக் கையால் அழுத்திப் பார்க்கலாம். அழுத்தியதும் நின்றால் அதுதான். நம்பர் பிளேட்டின் தளர்ந்த திருகு ஒன்று இன்ஜின் பழுதுக்கு இணையான பீதியைக் கிளப்ப வல்லது. கையுறைப் பெட்டிக்குள் உருளும் பேனாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது வண்டியின் அடியில் இருக்கும் ஒரு மெல்லிய தகடு. புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், இந்தியப் பெருநகரங்களில் 1995 முதல் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமானது. பின்னர் நாடெங்கும் வந்தது. அது பல நூறு டிகிரி வெப்பத்தில் வேலை செய்கிறது. அந்த வெப்பம் காரின் தரைப்பகுதியையும் கம்பிகளையும் தாக்காமல் இருக்க, சைலன்சர் குழாயை ஒட்டி 'ஹீட் ஷீல்டு' எனப்படும் வெப்பத் தடுப்புத் தகட்டைப் பொருத்தியிருப்பார்கள். மாறி மாறிச் சூடேறிக் குளிர்வதாலும், மழைநீரும் சேறும் படுவதாலும், வேகத்தடையில் உரசுவதாலும் அதன் போல்ட் துருப்பிடித்து, துளை அகன்று, தகடு தொங்கத் தொடங்கும். ஐடிலிங்கில் அது குழாயைத் தட்டும். சத்தம் இன்ஜினே உடைந்துவிட்டதோ என்று அஞ்சவைக்கும். வண்டி சூடேறியதும் தகடு விரிந்து இறுகிக்கொண்டு சத்தம் நின்றுபோவதும் உண்டு. பட்டறைக்குப் போகும்போது வராத சத்தம் வீட்டுக்கு வந்ததும் வரும் மர்மம் பல நேரங்களில் இதுதான்.

இந்தத் தகட்டைப் பிடுங்கி எறிந்துவிடுங்கள் என்று ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். சத்தம் நிற்கும், உண்மை. ஆனால், மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் அறுவடைக் காலத்தில் நெல், சோளக் கதிர்களை ஊர்ச்சாலைகளில் பரப்பிக் காயவைப்பதையும் வாகனங்கள் அவற்றின் மீது ஏறிச் செல்வதையும் நாம் பார்க்கிறோம். காய்ந்த வைக்கோல் அடிப்பகுதியில் சுற்றிக்கொள்கிறது. அங்கே தகடில்லாமல் கொதிக்கும் குழாய் இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. வைக்கோல் பரப்பிய சாலையைக் கடந்த பின் ஓரமாக நிறுத்தி அடியில் பார்ப்பதும், காய்ந்த புல்தரையில் சூடான வண்டியை நிறுத்தாமல் இருப்பதும் நல்ல பழக்கங்கள். தளர்ந்த தகட்டை அகலமான வாஷர் வைத்தோ, எஃகு கிளாம்ப் போட்டோ இறுக்கிவிடலாம். கன்வெர்ட்டருக்குள்ளேயே பீங்கான் தேன்கூடு உடைந்து குலுங்கினால் மட்டும் கதை வேறு. குழாய் ஆறிய பிறகு ரப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் உள்ளே கூழாங்கல் உருள்வதுபோல் கேட்கும்.

தட்டிப் பார்த்து உள்ளிருப்பதை அறிவது நமக்குப் புதிதல்ல. மானாமதுரையில் கடம் வாங்குபவர் தட்டாமல் வாங்குவாரா? பானை வாங்கும் பெண்கள் கண்ணுக்குத் தெரியாத கீறலைச் சுண்டுவிரல் முட்டியால் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆஸ்திரியாவில் சத்திரக்காரரின் மகனாகப் பிறந்த மருத்துவர் அவுன்புருகர், நோயாளியின் மார்பைத் தட்டிப் பார்த்து நோயறியும் முறையை 1761-இல் நூலாக வெளியிட்டார். தந்தையின் பீப்பாய்களில் திரவம் எவ்வளவு இருக்கிறது என்று தட்டி அறிந்த அனுபவமே அதற்கு வித்திட்டது என்பார்கள். நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜின் மீது வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்கும் பட்டறைக்காரர் அந்த மரபில் வருபவர்.

சில ஓசைகளுக்கு மட்டும் ஆராய்ச்சி கூடாது. இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து சுத்தியலால் அடிப்பதுபோல் ஆழமான 'டக் டக்' ஓசை வந்தாலோ, ஆயில் விளக்கு எரிந்தாலோ, சத்தத்தோடு கருகல் வாடை சேர்ந்தாலோ உடனே இன்ஜினை நிறுத்திவிட்டு, ஓட்டாமல் இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும்.

இனி, நான் அதிகம் யோசித்த பகுதிக்கு வருகிறேன். பொருளாதாரத்தில் பண்டங்களை ஒரு வகையில் மூன்றாகப் பிரிப்பார்கள். மதுரை மல்லிகையைப் பார்த்ததும் முகர்ந்ததும் தரம் தெரியும். அது தேடியறியும் பண்டம். ஜிகர்தண்டாவைக் குடித்த பிறகுதான் தெரியும்; அது அனுபவித்தறியும் பண்டம். இந்த இரு வகைகளையும் 1970-இல் பிலிப் நெல்சன் வரையறுத்தார். 1973-இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இருவர் மூன்றாவது வகையைச் சேர்த்தார்கள்: வாங்கிப் பயன்படுத்திய பிறகும் அது தேவைதானா என்று வாங்கியவருக்குத் தெரியவராத பண்டம். நம்பிக்கைப் பண்டம் எனலாம். வாகனப் பழுதுநீக்கம் அதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. பழுதைக் கண்டறிபவரும் அதை நீக்கிக் காசு வாங்குபவரும் ஒருவரே என்பதுதான் இங்குள்ள முடிச்சு.

மூன்று மவுண்டிங்குகளை மாற்றிய பின் சத்தம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பழுது மவுண்டிங்கில்தான் இருந்தது என்று நிரூபணமாகிவிட்டதா? இல்லை. மாற்றும்போது இன்ஜினைத் தூக்கியிருப்பார்கள், சைலன்சரை அசைத்திருப்பார்கள், தளர்ந்த போல்ட்டுகளை வழியோடு முடுக்கியிருப்பார்கள். எது சத்தத்தை நிறுத்தியது என்று வாடிக்கையாளருக்கு ஒருபோதும் தெரியாது. சத்தம் நின்ற மகிழ்ச்சியில் அவர் கேட்கவும் மாட்டார்.

சென்ற கோடையில் என் பழைய சிறிய காரில் இதே சத்தம் வந்தது. ஒரு பெரிய சேவை நிலையத்தில் மூன்று மவுண்டிங்குகளும் கிளட்ச் செட்டும் மாற்ற வேண்டும் என்று மதிப்பீடு எழுதித் தந்தார்கள். ஐந்து இலக்கத் தொகை. எந்தச் சோதனையில் இது தெரிந்தது என்று கேட்டேன். "பத்து வருஷ வண்டி, சார்" என்பது மட்டுமே பதில். கிளட்சை மிதித்தால் சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை என்பதை நான் முன்பே பார்த்திருந்ததால், மதிப்பீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

திருப்பரங்குன்றம் செல்லும் சாலையில் ஒரு சிறிய பட்டறை. ஐம்பதைத் தாண்டிய மெக்கானிக், பானட்டைத் திறக்கும் முன்பே கேள்விகளைத் தொடங்கினார். "காலையில முதல் ஸ்டார்ட்ல வருதா, ஓடி நின்ன பிறகு வருதா சார்? ஏசி போட்டா கூடுதா?" பிறகு வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தச் சொல்லி, ஒரு மரக்கட்டையால் ஹீட் ஷீல்டை மேல்நோக்கி அழுத்தினார். சத்தம் நின்றது. எடுத்தார், வந்தது. மீண்டும் அழுத்தினார், நின்றது. மூன்று முறை செய்து, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். இதைவிடத் தெளிவான நிரூபணத்தை ஆய்வேடுகளில்கூட நான் அடிக்கடி கண்டதில்லை. ஒரு வாஷர், ஒரு கிளாம்ப், கால் மணி நேரம். நூற்றைம்பது ரூபாய் கேட்டார். பொருளுக்கும் முடுக்கியதற்கும் சரி, கண்டுபிடித்ததற்கு எவ்வளவு என்று கேட்டேன். "கண்டுபிடிச்சதுக்கு எப்படி சார் காசு கேக்குறது? வேலை ஒண்ணும் செய்யலையே" என்றார்.

நம் பழுதுநீக்கச் சந்தையின் குறை முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது. மருத்துவரிடம் மருந்து எழுதாவிட்டாலும் ஆலோசனைக் கட்டணம் கொடுக்கிறோம். பட்டறையில் மட்டும் அறிவுக்கு விலை இல்லை. மாற்றிய பாகத்துக்குத்தான் விலை. ஆகவே, ஒரு மணி நேரம் தேடி ஒரு திருகை முடுக்குபவருக்கு நூற்றைம்பது ரூபாய். தேடாமல் மூன்று பாகங்களை மாற்றுபவருக்குப் பல ஆயிரம். நேர்மையைத் தண்டித்து அவசரத்துக்குப் பரிசளிக்கும் ஏற்பாடு இது. இதில் தனிமனித ஒழுக்கத்தை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல என்று கருதுகிறேன். அமெரிக்காவில் 1992-இல் 'சியர்ஸ்' நிறுவனத்தின் வாகனச் சேவை மையங்கள் தேவையற்ற பழுதுகளைப் பார்த்துக் கட்டணம் வசூலிப்பதாகக் கலிபோர்னியா மாநில அரசு குற்றஞ்சாட்டியது. அதிகாரிகளே வாடிக்கையாளர்போல் கார்களைக் கொண்டுசென்று சோதித்திருந்தனர். விற்பனைக்கு ஏற்ப ஊழியர்களுக்குக் கமிஷன் தரும் முறையே விமர்சனத்துக்கு உள்ளானது. அந்த ஊக்கத்தொகை முறையை நிறுவனம் கைவிட்டது.

நம் நாட்டிலும் ஒரு முக்கியமான உத்தரவு உண்டு. தனிநபர் ஒருவர் 2011-இல் அளித்த புகாரில் தொடங்கிய விசாரணையின் முடிவில், 2014 ஆகஸ்ட் 25-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தது போட்டிக்கு எதிரானது என்பது ஆணையத்தின் முடிவு. அவற்றைத் திறந்த சந்தையில் கிடைக்கச் செய்யவும் உத்தரவிட்டது. அபராதம் மேல்முறையீடுகளுக்குச் சென்றது தனிக்கதை. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுநீக்கும் உரிமை'க்கான இணையதளத்தைத் தொடங்கியபோது, அதன் நான்கு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்றாக இடம்பெற்றது.

கருவி கிடைத்தால் போதுமா என்றால், இந்த வகைச் சத்தத்துக்குப் போதாது. வண்டியில் செருகிப் பார்க்கும் ஸ்கேனர், சென்சார் உள்ள இடத்துப் பழுதைத்தான் சொல்லும். எரிப்புத் தவறினால் குறியீடு வரும். துருப்பிடித்த போல்ட்டுக்கும் கிழிந்த ரப்பருக்கும் குறியீடு கிடையாது. திரையில் ஒன்றும் இல்லை என்பதால் வண்டியில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடுவதும், மாறாக உத்தேசமாகப் பாகங்களை மாற்றுவதும் நடக்கின்றன. இரண்டுக்கும் நடுவே காது வேண்டியிருக்கிறது.

வாடிக்கையாளர் செய்யக்கூடியவை சில உண்டு. சத்தம் வரும்போதே கைப்பேசியில் பதிவுசெய்து, எந்த நிலையில் வந்தது என்று எழுதிவைத்துக்கொள்ளலாம். வேலைச் சீட்டில் 'மவுண்டிங் மாற்றவும்' என்று எழுத அனுமதிக்காமல், 'ஏசி போட்டு நியூட்ரலில் நிற்கும்போது முன் அடிப்பகுதியில் தகரச் சத்தம்' என்று அறிகுறியை மட்டும் எழுதச் சொல்லலாம். பாகத்தை மாற்றும் முன், அதை அழுத்தியோ தாங்கியோ கழற்றியோ சத்தம் நிற்பதைக் காட்டும்படி கேட்கலாம். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கலாம். இவை அனைத்துக்கும் மேலாக, கண்டறியும் கட்டணம் என்று தனியே ஒரு தொகையைப் பேசி, பழுது நீக்கினாலும் நீக்காவிட்டாலும் தருவதாக முன்கூட்டியே சொல்லலாம். அன்று அந்த மெக்கானிக்கிடம் ஐந்நூறு ரூபாயைக் கண்டறிந்ததற்கென்று தனியாகக் கொடுத்தேன். வாங்கத் தயங்கினார், ரசீதில் அதை எந்தப் பெயரில் எழுதுவது என்று தெரியாமல் 'லேபர்' என்றே எழுதினார்.

மதுரைக்கு மோட்டார் தொழில் நேற்று வந்ததல்ல. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் இங்கே தொடங்கிய பேருந்துப் போக்குவரத்திலிருந்து, இன்று வெள்ளரிப்பட்டியில் இயங்கும் டயர் ஆலை வரை நூறாண்டைத் தாண்டிய மரபு இது. அந்த மரபில் வளர்ந்த மூத்த மெக்கானிக்குகள் ஒவ்வொருவராகத் தொழிலை விட்டு ஒதுங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் இதே பட்டறையில் நிற்க விரும்புவதில்லை. நாள் முழுதும் தேடி நூற்றைம்பது ரூபாய் வாங்கும் வேலைக்கு யார்தான் வருவார்கள்? ஐடிஐ-களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் இரண்டு ஆண்டு படிக்கும் மாணவர்களுக்கு, இத்தகைய மூத்தவர்களை வாரம் ஒருநாள் வகுப்பெடுக்க அழைக்கலாம். கௌரவ ஊதியம் தர வேண்டும். பட்டறைச் சங்கங்கள் கண்டறியும் கட்டணத்துக்கு ஒரு வரம்பை நிர்ணயித்து, விலைப்பட்டியலில் 'லேபர்' என்ற சொல்லுக்கு மேலே அதற்கென ஒரு வரியை அச்சிட்டாலே போதும். அந்த மெக்கானிக் தன் காதுக்கான கூலியை எங்கே எழுதுவது என்று இனி யோசிக்க வேண்டியிருக்காது.